ஐன் தெர்ஃபாவில் பெய்யாத மழை

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா மிலூதாவுக்கு,

உன் தங்கை ஹயாத் எழுதுவது. சலாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய்.

குரல் செய்தி அனுப்பினால் உன் கொட்டகையில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். போன தடவை நான் அத்தானைப் பற்றிச் சொன்னதற்கு யாரோ பின்னாலிருந்து “அவனை விட்டுட்டு வேற ஆளைப் பாருடி” என்று சிரித்தது இங்கே தெளிவாகக் கேட்டது. அப்போது யம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் காகிதம். அடுத்த கப்பலில் ஸ்ட்ராபெரி பறிக்க வரும் ஃபத்னா கொண்டுவந்து தருவாள்.

முதலில் பிள்ளைகள். இப்திசாமுக்கு முன்பல் விழுந்தது. அன்வருக்கு இருமல் போய்விட்டது. உன்னைக் கேட்கிறானா என்றால், கேட்கிறான். அதைப் பற்றி அதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆடுகள். பிப்ரவரியில் முதல் தடவையாக நிவாரண பார்லி வந்தது. தண்ணீர் லாரியும் வாரம் ஒரு முறை வருகிறது. அத்தான் புஜ்மா ஒரு வழியாக ஆடு விற்பதை நிறுத்தியிருக்கிறார். நீ அனுப்பிய பணத்தையும் பார்லி வாங்கித்தான் தீர்த்தார். அவரைத் திட்டாதே. ஹல்ஃபா புல்லின் வேரைக்கூட ஆடுகள் தோண்டித் தின்றுவிட்டன. குட்டி போட்ட ஆடுகளுக்குப் பால் இல்லை. ஹாஜ் மிமூனின் லாரி மட்டும் சந்தை நாளில் நம் பக்கம் சுற்றிச் சுற்றி வருகிறது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான், மெலிந்த ஆட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவரும் அவர்தான். வாங்கியதை வடக்கே கொண்டுபோய்க் கொழுக்கவைத்து விற்கிறார். வறட்சியில் கொழுக்கிற மனிதன் நம் ஊரில் அவர் ஒருவர்தான்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். “அப்படி என்னடி பண்றே அந்த ஆபீஸ்ல, மழையே இல்ல, மழைக் கணக்கு எதுக்கு?” என்று. நியாயமான கேள்வி. இல்லாத மழையைத்தான் எண்ணுகிறேன். மாகாணம் முழுவதும் மழைமானிகள் இருக்கின்றன. தானாகவே அளந்து தானாகவே அனுப்பும். ஒவ்வொரு மாதமும் வந்த மழையை முப்பது வருடச் சராசரியோடு ஒப்பிடுவேன். ஓர் எல்லைக்குக் கீழே போனால் அந்த இடத்தில் வறட்சி தொடங்கியது என்று பொருள். மறுபடி சராசரியைத் தொட்டால் முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதமோ அதுதான் வறட்சியின் வயது. பதினெட்டு மாதத்தைத் தாண்டிய வறட்சிக்குத்தான் பார்லியும் தண்ணீரும். பதினேழு மாத வறட்சியில் செத்த ஆடு, சட்டப்படி, தன் தலைவிதியால் செத்த ஆடு. நான் கேலி செய்யவில்லை. சுற்றறிக்கையில் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஐன் தெர்ஃபா அந்தப் பதினெட்டு மாத எல்லையை ஜனவரியில்தான் தாண்டியது. அன்று நான் ஆபீஸில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஊரில் வறட்சி நீண்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டுத் தேநீர் வாங்கியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது கேள். இன்று காலை மார்ச் மாதக் கணக்கைத் திறந்தேன். அக்கா, ஐன் தெர்ஃபாவில் மழை! மாதக் கடைசியில் ஒரு மதியம், கால் மணி நேரத்தில், முழு மார்ச் மாதத்துக்கும் வழக்கமாகப் பெய்வதைப் போல மூன்று மடங்கு கொட்டியிருக்கிறது. அழுதுவிட்டேன். எங்கள் அதிகாரி ஸீ ஜிலாலி கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டார். “இல்ல ஸார், மழை” என்றேன். “அதுக்கா அழுவே?” என்றார்.

யம்மா போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். ஓடையில் தண்ணீர் வந்திருந்தால் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் கை வெடிப்புக்கு ஆலிவ் எண்ணெய் தடவு. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் குனிந்தே நிற்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
ஹயாத்


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். கடிதம் வந்து சேர்ந்ததும் நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். “மழையா? இந்தப் பக்கம் அனுப்பிடாத, பழம் அழுகிடும், கங்காணி எங்களைத் தின்னுடுவான்” என்று சிரித்தாயே, அதை யம்மா மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை.

மழை பெய்யவில்லை அக்கா. ஒரு சொட்டுக்கூட.

பேருந்திலிருந்து இறங்கியதுமே தெரிந்துவிட்டது. செருப்புக்குள் அதே புழுதி. ஓடையில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யம்மாவிடம் “மழை பெஞ்சுதாமே?” என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அப்புறம் ரகியா வந்தாள். நம் ரகியாதான், விதவை, நாலு பிள்ளைக்காரி, வாயில் பூட்டே இல்லாதவள். அவளிடமிருந்துதான் கதை முழுவதும் வந்தது. மார்ச் கடைசியில் மாகாணம் முழுக்க மழைத் தொழுகை வைக்கச் சொல்லி உத்தரவு. நம் ஆண்கள் வழக்கப்படி அங்கிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேட்டில் போய்த் தொழுதார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரகியா சொன்னாள்: “ஆம்பளைங்க சட்டையத் திருப்பிப் போட்டாங்க, வானம் முகத்தத் திருப்பிக்கிச்சு. சரி, நாமளே பாத்துக்கலாம்னு தகொஞ்சாவ எடுத்தோம்.”

நீ கடைசியாகத் தகொஞ்சா எடுத்தது கல்யாணத்துக்கு முன்பு. அதே போலத்தான், பெரிய மர அகப்பைக்கு மணப்பெண் போலத் துணி கட்டி, மணி மாலை போட்டு, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளிக்க வேண்டும். யார் வீட்டில் தண்ணீர் இருக்கிறது? லாரித் தண்ணீரில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு குடம் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை எங்கே ஊற்றுவது என்று பேச்சு வந்தது. வழக்கமாக மசூதி மூலையில் ஊற்றுவோம். ரகியாவுக்கு வேறு யோசனை.

“அந்தக் கம்பி வேலிக்குள்ள அரசாங்கம் ஒரு வெள்ளைச் சாமான் நட்டு வச்சிருக்கில்ல, மழையப் பாக்குறதுக்கு? ரெண்டு வருசமா வாயத் தொறந்துகிட்டு வானத்தையே பாத்துகிட்டு நிக்குது பாவம். அதோட தாகம் தீராம அது எப்படி நல்ல வார்த்தை சொல்லும்? மணப்பொண்ண அது தலை மேல வச்சு, மேலேர்ந்து ஊத்துனோம். குலவை போட்டோம். ஹாஜ் மிமூன் பொண்டாட்டிதான் குடத்த எடுத்துக் கொடுத்தா.”

அந்த மானியின் வாய் நம் ரொட்டித் தட்டைவிடச் சிறியது. அதற்குள் ஒரு லிட்டர் விழுந்தால் ஐம்பது மில்லிமீட்டர் மழை என்று அது எழுதிக்கொள்ளும். ஊர் நனைந்ததா, அகப்பை நனைந்ததா என்று அதற்குத் தெரியாது. நான் சொன்னதும் ரகியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கையை எடுத்து, “அப்ப கேட்டது கெடச்சிருச்சே! கவர்மெண்டு காகிதத்துல மழை பெஞ்சிருச்சு!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். யம்மாவும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். என்ன செய்வது.

திங்கட்கிழமை சிரிப்பு நின்றுவிட்டது. கணக்குப்படி ஐன் தெர்ஃபாவின் வறட்சி மார்ச்சோடு முடிந்தது. ஏப்ரலில் புது வறட்சி பிறந்தால் அதற்கு வயது ஒரு மாதம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். பார்லி லாரி சந்தைச் சாலையிலேயே திரும்பிவிட்டது. தண்ணீர் லாரியும் நின்றது.

ஸீ ஜிலாலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரகியாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். “ஹயாத், நம்ம மேட்டுவெளியில மழை இப்படித்தாம்மா பெய்யும். ஒரு மேகம், ஒரு கொட்டு, முடிஞ்சுது. மெஷினு இதச் சந்தேகப்படாது” என்றார். செயற்கைக்கோள் படத்தில் அன்று மேகமே இல்லை என்று காட்டினேன். “படம் ஆலோசனைக்கு. மானிதான் ஆதாரம்” என்றார். இருநூறு குடும்பமும் மழை பெய்யவில்லை என்று சாட்சி சொல்லும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “பெய்யலைங்கிறதுக்கு சாட்சி செல்லாதும்மா. யாரு ஊத்துனா, பேரு என்ன, அடையாள அட்டை எண் என்ன, கையெழுத்து. அது இருந்தா பதிவ ரத்து பண்ணலாம். ஆனா ஒண்ணு, அந்தக் காகிதத்தோட நகல் காவல் சாவடிக்குப் போயிடும். அரசாங்கக் கருவியில கை வச்ச குற்றம்.”

வறட்சியைத் திரும்ப வாங்க வேண்டுமானால் ஒரு பெண்ணைக் கொடுக்க வேண்டும். இதுதான் விதி. இதை எழுதியவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று நான் சத்தியம் செய்வேன்.

ஊருக்குச் சொல்லிவிட்டேன். ஆண்கள் கூடிப் பேசப்போகிறார்கள். அத்தான் இந்த வாரம் பெட்டை ஆடுகளை ஹாஜ் மிமூனின் லாரியில் ஏற்றினார். எத்தனை என்று கேட்காதே. ஆட்டைப் பற்றி உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

அன்வர் உன் சால்வையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஹயாத்


ஜூன் 9

அன்புள்ள அக்கா மிலூதாவுக்கு,

சலாம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாவது படி.

நல்ல செய்தி முதலில். பார்லி வந்துவிட்டது. தண்ணீர் லாரியும் வருகிறது. மார்ச் மாதப் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். ஐன் தெர்ஃபாவின் வறட்சி இப்போது ஒரே கோடாக, நடுவில் உடையாமல், இரண்டு வருடத்தைத் தொடப் போகிறது. கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டியது நான்தான். மிச்சமிருக்கும் ஆடுகள் பிழைக்கும். யம்மா நேற்று ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

இனி மற்றது. ரத்து செய்ய ஒரு பெயர் வேண்டும் என்று எழுதியிருந்தேன் இல்லையா? பெயர் கொடுத்துவிட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் அப்போது ஊரில் இல்லை. வடக்கு மானிகளைச் சரிபார்க்க ஒரு வாரம் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது திருத்த உத்தரவு என் மேசையில் இருந்தது, பின்னால் வாக்குமூலம். ‘மிலூதா என்னும் நான், மார்ச் மாதம் அறியாமையால் கருவியின் மேல் தண்ணீர் ஊற்றினேன்.’ உன் அடையாள அட்டையின் நகல். கீழே கையெழுத்து. உன் கையெழுத்து இல்லை. உனக்கு அவ்வளவு அழகாக எழுத வராது.

அன்றே பேருந்து பிடித்தேன். அத்தான் கொட்டிலில் இருந்தார். நான் கத்தியதை ஊரே கேட்டிருக்கும். அவர் பார்லி மூட்டையைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவ கடல் தாண்டி இருக்கா. அவள யாரு வந்து புடிப்பா? இங்க இருக்குறவங்கள்ல யாரையாவது கொடுத்தா நாளைக்கே கொண்டு போயிடுவாங்கல்ல. நானா கொடுத்தேன்? சபையில எல்லாருமா சொன்னாங்க. அட்டை நகல்தான் நான் எடுத்துக் கொடுத்தேன்.” நான், “கொடுத்தது நீதானே, அப்புறம் என்ன ‘தான்’?” என்று கேட்டேன். ஆடுகளுக்குப் பார்லியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

ரகியா சபைக்குப் போய் நின்றிருக்கிறாள். “நாந்தான் ஊத்துனேன், எழுதிக்கோங்கடா என் பேர. ஜெயில்லயாவது கொழாய்ல தண்ணி வரும்” என்று கத்தியிருக்கிறாள். ஹாஜ் மிமூன் அவளை உட்காரச் சொன்னார். ரகியாவைச் சாவடிக்குக் கூட்டிப் போய் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வாள், குடத்தை யார் எடுத்துக் கொடுத்தது என்பது உட்பட. தலைவர் வீட்டுப் பெண்ணைச் சாவடியில் நிறுத்த முடியுமா? அதனால் யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருக்கிற ஒருத்தி வேண்டும். “மிலூதா நல்ல பொண்ணு, ஊருக்காகப் பொறுத்துக்குவா. வந்த பெறகு ஏதோ அபராதம் போடுவாங்க, சங்கமே கட்டிடும்” என்றாராம். எல்லாரும் தலையாட்டினார்களாம். நம் யம்மாவும் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளிடம் கேட்டேன். “ரகியாவுக்கு நாலு புள்ளைங்கடி, அதுங்களுக்கு வேற யாரு இருக்கா?” என்றாள். “அக்காவுக்கும் ரெண்டு இருக்கே?” என்றேன். “அதுங்களுக்கு நான் இருக்கேன்” என்றாள். அப்புறம் இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

அபராதம் மட்டும் இல்லை அக்கா. நான் விசாரித்தேன். உன் பெயருக்கு சம்மன் வந்திருக்கிறது. நீ போகாததால் அடுத்தது பிடியாணை. கப்பலை விட்டு இறங்கும்போதே துறைமுகக் காவலர்களின் கணினியில் உன் பெயர் இருக்கும். எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். வழக்கு உள்ளவளை மறுபடி ஸ்ட்ராபெரிக்கு எடுக்க மாட்டார்கள். அடுத்த வருடம் நீ போகமுடியாது. அதற்கடுத்த வருடமும்தான்.

இனி நான் எழுதப்போவதை இரண்டு தடவை படி. உன் கடவுச்சீட்டில், நீ கப்பல் ஏறியபோது குத்திய பிப்ரவரி முத்திரை இருக்கிறது. மார்ச் மாதம் நீ இந்த நாட்டிலேயே இல்லை என்பதற்கு அரசாங்கமே குத்திக் கொடுத்த சாட்சி. அதைக் காட்டினால் எந்த நீதிபதியும் உன்னைத் தொட முடியாது. சபையில் இருந்தவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. அவர்களில் பாதிப் பேர் கடவுச்சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு முதல் நிமிடமே தோன்றியது. அத்தானுக்கும் பிறகு தோன்றியிருக்கிறது. நான் கிளம்பும்போது பேருந்து வரை வந்து, “முத்திரையப் பத்தி அவளுக்கு எழுதாத” என்றார்.

ஏன் என்று உனக்கும் புரியும். நீ ஊற்றவில்லை என்று ஆகிவிட்டால் வாக்குமூலம் பொய். வாக்குமூலம் பொய்யானால் ரத்து செல்லாது. ரத்து செல்லாவிட்டால் அந்த மதியம் மறுபடி மழை. வறட்சி மார்ச்சில் முடிந்ததாகிவிடும். வந்த பார்லியை அரசாங்கம் திருப்பிக் கேட்கும். ஆடுகள் அதை ஏற்கெனவே தின்றுவிட்டன. எனவே ஆடுகளைக் கேட்கும். அப்போதும் ஹாஜ் மிமூனின் லாரி தயாராக நிற்கும்.

நீ அந்தக் குடத்தைத் தொடவில்லை என்று நிரூபித்தால் இருநூறு வீட்டில் அடுப்பு அணையும். நிரூபிக்காவிட்டால் உன் அடுப்பு. இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் வேறு விடை வரவில்லை. நான்கு வருடம் உஜ்தா நகருக்குப் போய்ப் படித்தேன், இதற்குத்தான் போலிருக்கிறது.

நான் ஆபீஸில் உண்மையைச் சொல்லவில்லை. ஸீ ஜிலாலி வாக்குமூலத்தைப் புரட்டிவிட்டு, “இந்தப் பேரு உங்க வீட்டுப் பேரு மாதிரி இருக்கேம்மா?” என்று கேட்டார். “அங்க எல்லாருக்கும் ஒரே பேருதான் ஸார்” என்றேன். அப்போது பார்லி லாரி வழியில் வந்துகொண்டிருந்தது. உன் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் அதுவும் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

அத்தான் காட்டாதே என்கிறார். ரகியா, “காட்டச் சொல்லுடி அவள, நாங்க செத்தா செத்துட்டுப் போறோம்” என்கிறாள். ஆனால் அவள் பிள்ளைகள் அப்போது அவள் பின்னால் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தன. நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். யாரும் உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுத்தார்கள். முத்திரை உன்னுடையது. அதைப் பற்றி முடிவு செய்கிறவள் நீ மட்டும்தான்.

ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது என்று தெரியும். பிள்ளை உள்ளவர்களாகப் பார்த்துத்தான் அவர்கள் எடுக்கிறார்கள், கட்டாயம் திரும்பி வருவார்கள் என்று. ஃபத்னாவின் மாமன் மகள் போன வருடம் திரும்பி வரவில்லை, அங்கேயே அல்மெரியா பக்கம் ஏதோ வீட்டில் வேலை செய்கிறாள். அவள் விலாசம் ஃபத்னாவிடம் இருக்கிறது. செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

இப்திசாமுக்குப் புதுப் பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. இங்கே நகரத்தில் என் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அன்வரையும் சேர்த்துக்கொள்வார்களாம். பிள்ளைகள் என்னோடு தங்குவதற்கு வீட்டுக்காரி முதலில் முணுமுணுத்தாள், பிறகு சரி என்றாள்.

இறைவன் உன் கால்களுக்கு நல்ல தரையைக் காட்டட்டும் அக்கா. அது இந்தத் தரையாக இல்லாவிட்டாலும் சரி. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஹயாத்